யார் கொடுத்த பெயர்?

கொழும்பிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு கம்பனி, நாளைக்குத் தன் சரக்கை வாங்கக்கூடும் என்று தான் கருதும் ஆயிரம் பேருடைய பெயர், தொழில், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை ஒரு தரவுத்தளத்தில் ஏற்றவேண்டுமானால், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அதற்கென்று ஒரு குமாஸ்தா நாட்கணக்கில் உட்கார்ந்து தட்டச்சுச் செய்யவேண்டியிருந்தது. இன்றோ, ‘இந்தத் தாளில் உள்ளவர்களையெல்லாம் சேர்த்துவிடு’ என்று சாதாரண பாஷையில் ஒரு வரி எழுதினால் போதும். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் என்று சொல்லப்படும் மென்பொருள், எந்தப் பத்தியில் பெயர் இருக்கிறது, எந்தப் பத்தியில் எண் இருக்கிறது என்பதைத் தானே ஊகித்து, இரட்டித்து வந்தவற்றைத் தானே இணைத்து, ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முழு ஜாபிதாவையும் ஏற்றி முடித்துவிட்டு, இத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று அடக்கமாக ஓர் அறிக்கையும் தந்துவிடுகிறது. இப்படிச் சேர்க்கப்படும் ஒவ்வொருவரையும் விற்பனைத் துறையில் இருப்பவர்கள் ‘லீட்’ என்கிறார்கள். இது நகரத்துக் கம்பனிகளின் விவகாரம். வெலிமடைப் பாதையும் பண்டாரவளைப் பாதையும் கூடுகிற ஹாலிஎலக் கடைவீதிக்கும், அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது, மற்ற ஊர்களைக் காட்டிலும் சற்று அதிகமாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், தன் சம்மதம் கேளாமல் பிறர் எழுதிய பதிவேடுகளில் ஏறி இறங்கியே காலம் கழித்த ஜனசமூகம் இலங்கையில் ஒன்று உண்டென்றால், அது மலையகத் தமிழருடைய சமூகம்தான். தென்னிந்தியக் கிராமத்தில் ஆள்சேர்க்க வந்த கங்காணியிடம் முன்பணம் வாங்கிய அன்றைக்கே பாட்டனுடைய பெயர் ஒரு கணக்கில் ஏறியது. தோட்டத்துரைமாரின் நலனுக்காக 1904 இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட இலங்கைத் தொழில் ஆணையகத்தின் ஏடுகளிலும், பின்னர் கடல் கடக்குமுன் ஆட்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமின் ஏடுகளிலும் அப்பெயர் மறுபடி ஏறியது. எந்தத் தோட்டத்துக்குப் போய்ச்சேரவேண்டிய ஆள் என்பதைக் காட்டுவதற்காக, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றை அணிந்துகொண்டு பிரயாணம் செய்த காலமும் இருந்தது. மலைக்கு வந்துசேர்ந்த பின் செக்ரோல் என்னும் வேலைநாட் பதிவேட்டில் பெயர். கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் கூலிக்கு அரைப்பேர். ஒரு கங்காணியின் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக நேர்ந்தால், இவர்களுடைய கடன் மொத்தம் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ என்னும் சீட்டு, 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை, கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. விற்பனை உலகத்தில் ஜாபிதாக்களே ஒரு சரக்காக வாங்கப்படுவதையும் விற்கப்படுவதையும் கேட்டு இன்று வியப்படைகிறவர்கள், நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில் மனிதருடைய பெயர்கள் கடனோடு சேர்த்து விலைபேசப்பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அதற்குப் பின் வந்த ஜாபிதாக்கள் இன்னும் பெரியவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அவர்களுள் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் ஜீவன்களை, இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், பிற்பாடு பார்த்துக்கொள்ள ஒன்றரை இலட்சம் என்று பங்கிட்டது; பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு தலைநகரங்களிலும் யாருக்கும் தோன்றவில்லை. தேசிய அடையாள அட்டையின் பழைய ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால், வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’ என்றும் இல்லாதவருக்கு ‘எக்ஸ்’ என்றும் ஓர் எழுத்து இடப்பட்டதே, அந்த ‘எக்ஸ்’ எழுத்தோடு அரைவாழ்வைக் கழித்தவர்கள் ஊவா மாகாணத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்து எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் வரை, ஏதாவது ஓர் ஏட்டில் ஒரு குமாஸ்தா எந்தக் கட்டத்தில் பெயரை இட்டார் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் எந்த நாட்டுக்கு உரியது என்பது நிர்ணயமாயிற்று.

இந்த ஏடுகள் யாவும் கையால் எழுதப்பட்டவை என்பதை ஒரு காரணத்துக்காகவே நினைவூட்டுகிறேன். யந்திரம் வந்ததனால் அநியாயம் வந்தது, பேனாவால் எழுதிய நாளில் தர்மம் இருந்தது என்று பேசுகிற ஒருவகைப் பழமைப் பிரியம் நம்மிடையே உண்டு. அதற்கு இந்த மலைகளில் ஆதாரம் கிடையாது. செக்ரோலை எழுதிய கணக்கப்பிள்ளை அழகான கையெழுத்துடையவராகவே இருந்திருக்கலாம். அவ்வளவு ஜாபிதாக்களிலும் இருந்த குற்றம் வேறு: பெயருக்கு உரியவருக்குத் தம் பெயர் எங்கே, எதற்காக எழுதப்படுகிறது என்பது தெரியாது, தெரிந்தாலும், பிழையாக எழுதியிருக்கிறது, திருத்துங்கள் என்றோ, வேண்டாம், நீக்குங்கள் என்றோ சொல்லப்போனால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எவரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே, புதிதாக வந்திருக்கும் இந்த ஏஜென்ட்டைப் பார்த்து நாம் கேட்கவேண்டியதும், நீ எவ்வளவு வேகமாக எழுதுகிறாய் என்பதன்று. இந்தப் பெயரை உனக்கு யார் கொடுத்தார், எதற்கென்று கொடுத்தார், பிழையானால் பதில் சொல்கிறவர் யார் என்பதே.

பதுளையில் தவணைமுறையில் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்காகக் கணினி வேலை செய்துகொடுக்கும் தோட்டத்து இளைஞர் ஒருவர், தம்முடைய ஏஜென்ட் வேலை செய்யும் விதத்தை எனக்குக் காட்டினார். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றின் முன்னறையில், மின்விசிறிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே செருகி. அதில் எது முக்கியமோ அது மாட்டப்படும். ஒரு விற்பனைக் கண்காட்சியில், பரிசுக் குலுக்கலுக்கென்று வந்தவர்கள் நிரப்பிப் பெட்டியில் போட்ட கூப்பன்களை யாரோ எக்செல் தாளாகத் தட்டி அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாளை அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுத்து, கடையின் தரவுத்தளத்தில் இவர்களை லீட்டுகளாகச் சேர்க்கும்படி ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு வாக்கியம் எழுதினார். முன்பெல்லாம் இந்த வேலையை அவரே வரிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தட்டிக்கொடுத்ததாகவும், இப்போது அந்தக் கூலி போய்விட்டதாகவும், யந்திரத்துக்கு உத்தரவு சொல்வதற்கு மாதத்துக்கு ஒரு தொகை கிடைப்பதாகவும் சொன்னார். அந்தத் தொகை பழைய கூலியைவிடக் குறைவுதான் என்பதையும் மறைக்கவில்லை.

“இவங்க பரிசுக்குத்தானே தம்பி எழுதிப் போட்டாங்க?” என்றேன்.

“ஆமா சேர். ஆனா கூப்பனுக்குக் கீழ சின்ன எழுத்தில இங்கிலீஷ்ல ஏதோ போட்டிருக்காம். அது போதும்னு கடையில சொன்னாங்க.”

அதற்குள் ஏஜென்ட் வேலையை முடித்து, சேர்க்கப்பட்டவர் இத்தனை, இரட்டிப்பென்று இணைக்கப்பட்டவர் இத்தனை, நிராகரிக்கப்பட்டவை சில என்று அறிக்கை தந்துவிட்டது. நாங்கள் இருவரும் அந்த அறிக்கையின் பின்னால் போய், ஏறியிருந்த பெயர்களைப் பார்க்க ஆரம்பித்தோம். இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

மேல்நாட்டில் செய்யப்பட்ட தரவுத்தளங்கள் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு முதற்பெயரும் ஒரு குடும்பப்பெயரும் இருந்தே தீரும் என்று நம்புகின்றன. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான் உண்டு. கூப்பனில் ‘பெருமாள் கருப்பாயி’ என்று ஒரு பெண் எழுதியிருந்தால், ஏஜென்ட் பெருமாளை முதற்பெயராகவும் கருப்பாயியைக் குடும்பப்பெயராகவும் கொண்டுவிடும். அடுத்த வாரம் ‘அன்புள்ள பெருமாள் அவர்களே’ என்று, காலஞ்சென்ற தகப்பனாருக்குக் குளிர்சாதனப் பெட்டி விற்க ஒரு குறுஞ்செய்தி வரும். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியத்தை, அதைச் சாதாரண எண்ணாகக் கருதிய எக்செல் தாள் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. ஏஜென்ட் அதை ஊகித்துச் சில இடங்களில் நம் நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துச் சரிசெய்திருந்தது, சில இடங்களில் செய்யவில்லை. சின்னப் பிழைகள் என்று இவற்றைத் தள்ளிவிடலாம்.

தள்ளிவிட முடியாதது, இரட்டிப்பென்று இணைக்கப்பட்டவர்களின் விஷயம். இரண்டு வரிகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்பதை இத்தகைய கருவிகள் பெரும்பாலும் தொலைபேசி எண், மின்னஞ்சல், விலாசம் ஆகியவை ஒத்திருப்பதை வைத்தே தீர்மானிக்கின்றன. லயத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி விலாசம் இன்றைக்கும் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டத்து அலுவலகத்தில் தங்கி, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. மாமியாரும் மருமகளும், சில சமயம் பக்கத்துக் காம்பராக்காரியும்கூட, மகனுடைய ஒரே கைபேசி எண்ணைத்தான் கூப்பனில் எழுதுவார்கள். அம்மூவரும் ஒரே தோட்டம், ஒரே எண். ஆகவே யந்திரத்தின் கணக்கில் ஒரே ஆள். மருமகள் வாங்கிய கட்டிலின் தவணை மாமியார் பெயரில் நிலுவையாக நிற்பதற்கு இதைவிடச் சுலபமான வழி வேண்டியதில்லை. ஏஜென்ட்டின் அறிக்கையில் இது பிழையென்று வராது. ‘இரட்டிப்புகள் நீக்கப்பட்டன’ என்று ஒரு சாதனையாகவே வரும்.

இவ்வகை மென்பொருளுக்கு மற்றொரு சுபாவமும் உண்டு. காலியாக இருக்கும் கட்டத்தைக் கண்டால், பொருத்தமாகத் தோன்றும் ஏதாவது ஒன்றை இட்டு நிரப்பிவிடும் ஆசை அதற்குச் சற்று அதிகம். தொழில் என்ற கட்டம் வெறுமையாக இருந்து, விலாசத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தால், தொழில் ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளி’ என்று அதுவே எழுதிவிடக்கூடும். அந்தத் தோட்டத்தில் பிறந்து, பதுளையில் ஆசிரியையாக இருக்கும் பெண்ணுக்கும் அதே தொழில்தான். ஊகம் ஒருமுறை கட்டத்துக்குள் ஏறிவிட்டால், பின்னால் பார்க்கிறவருக்கு அது ஊகம் என்று தெரிய வழியில்லை. நல்ல கொழுந்தெடுக்கும் பெண் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும்போதே முற்றலை விட்டுவிடுகிறாள். கத்தரியால் வெட்டியெடுத்த கொழுந்திலோ முற்றலும் குச்சியும் சேர்ந்தே வந்து, அதைப் பிரிக்கும் சிரமம் தொழிற்சாலைக்குப் போகிறது. ஜாபிதாவை மொத்தமாக ஏற்றும்போதும் மிச்சமாகிற சிரமம் மறைந்துபோவதில்லை. அது ஜாபிதாவில் ஏறியவர்களுடைய தலையில்தான் போய் இறங்குகிறது.

எழுதுகிறவருடைய விரல் நோவுதான் இதுவரையில் இவ்விஷயத்தில் ஒரு கடிவாளமாக இருந்துவந்தது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் விளம்பர மின்னஞ்சல் என்று சொல்லப்படுவதை, 1978 மே 3 ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனியைச் சேர்ந்த கேரி துவெர்க் என்பவர் ஏறக்குறைய நானூறு பேருக்கு அனுப்பினார். விலாசங்களை அச்சிட்ட கையேட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டவேண்டியிருந்தது. அவை விலாசத்துக்கென்று விட்ட இடத்தில் அடங்காமல், கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்து வந்துவிட்டன. பெற்றுக்கொண்டவர்களில் பலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் சரக்கு விற்றது. அந்தக் காலத்துக்கு நானூறு பெயர் என்பது ஒரு மனிதனின் உழைப்புக்கு எல்லை. இன்றைக்கு நானூறும் நாலு இலட்சமும் ஒரே வாக்கியத்தில் ஏறுகின்றன. செலவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாதபோது, தேவையா என்று யோசிப்பதற்கும் யாருக்கும் காரணம் இருப்பதில்லை. 2024 மார்ச்சில் இந்தியப் பொதுத் தேர்தலுக்கு முன்பு, பிரதம மந்திரியின் பெயரால் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட ‘விக்சித் பாரத்’ செய்தி, இந்தியாவில் வாக்கே இல்லாத வெளிநாட்டாருக்கும் போய்ச்சேர்ந்து, அவர்கள் எங்கள் எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கும்படி ஆயிற்று. தேர்தல் ஆணையம் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. ஓர் அரசாங்கத்தின் ஜாபிதாவே தன் எல்லையை அறியாமல் கடல் தாண்டுமானால், பதுளைக் கடையின் ஜாபிதாவைப் பற்றி என்ன சொல்வது!

குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் வந்தால் அழித்துவிட்டுப் போகிறோம், இதற்கா இத்தனை பெரிய பேச்சு என்று வாசகர் கேட்கலாம். தோட்டத்து ஜாபிதாவை விரும்பித் தேடுகிறவர்களில் பெட்டி விற்பவர்கள் முதல்வர்கள் அல்லர். கடன் விற்பவர்களே முதல்வர்கள். நுண்கடன் கம்பனிகளின் ஆட்கள் லயத்து வாசல்களுக்கு வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களைப் பிணையாக்கி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கம்பனியிடம் கடன் என்று சங்கிலியாகத் தொடர்ந்த கதை, ஊவாவில் யாருக்கும் புதிதல்ல. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தும் தொல்லை தீரவில்லை; 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளவேண்டிய நிலை வந்தது. அந்த நாட்களில், ஒரு தோட்டத்தில் யாருக்குப் பணமுடை என்று தெரிந்துகொள்வதற்கு ஓர் ஆள் மலையேறி வரவேண்டியிருந்தது. தீபாவளி முற்பணம் போதாமல் போகிற வாரம் எது, பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் எது, தவணை வாங்கியவர் யார், தவறவிட்டவர் யார் என்பதெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்குமானால், எவருக்கு எந்த நாளில் கடன்மொழி பேசவேண்டும் என்பதை ஏஜென்ட்டே தெரிந்து, அவரவர் பாஷையில், அவரவர் பெயர் சொல்லி, அன்பாகப் பேசும். முன்பு கங்காணி ஊருக்குப் போய் முன்பணத்தோடு பேசிய அன்பான பேச்சு எப்படிப்பட்டது என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு, நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தக் கருவியைத் தடைசெய்யவேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. எல்ல, தெமோதரைப் பக்கம் மூன்று அறைகளை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு இடம் கொடுக்கிற குடும்பங்களும், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேயிலையும் வாசனைத் திரவியமும் பொட்டலம் கட்டி விற்கிற பெண்களும், வெலிமடைக் கிழங்கையும் கரட்டையும் நேரே ஹோட்டல்களுக்குக் கொடுக்க விரும்புகிற சிறு வியாபாரிகளும், வாங்கக்கூடியவர் யார் என்று தெரியாமலே இடைத்தரகருக்கு இலாபத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைக்கு மேலே வீசும் காய்ந்த காற்றினால் ஊவாத் தேயிலைக்கு ஏறுகிற அந்தத் தனி வாசனையை உலகம் முழுவதும் புகழ்கிறது. அதைச் சிறு தோட்டத்தில் பறிக்கிறவருக்கு ஹாம்பர்க்கில் உள்ள ஒரு தேயிலைக் கடைக்காரருடைய விலாசம் தெரியாது. பெரிய கம்பனிகளுக்கு விற்பனைக்கென்று தனிப் பகுதியும் சம்பளக்காரர்களும் உண்டு. சிறியவனுக்குத் தன் இரண்டு கையும் ஒரு கைபேசியும்தான். தொழில் நிமித்தம் தாமே விளம்பரப்படுத்தியிருக்கும் ஹோட்டல்களின், இறக்குமதிக்காரர்களின் விலாசங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தித் தருவதற்கு ஓர் ஏஜென்ட் உதவுமானால், அந்த உதவியை அவன் பெறவேண்டியதே நியாயம். கடையைத் திறந்துவைத்துப் பெயர்ப்பலகை மாட்டியவனுடைய பெயரும், பரிசு கிடைக்கும் என்று கூப்பன் எழுதிய கருப்பாயியின் பெயரும் ஒரே விதமான பெயர்கள் அல்ல. ஏஜென்ட்டுக்கு அந்த வித்தியாசம் தானாகத் தெரியாது. தெரிவிக்கவேண்டியவர் அதற்கு உத்தரவு கொடுக்கிறவர்.

பெயரின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டும் என்ற கடமையை ஐரோப்பா சட்டமாகவே வைத்திருக்கிறது. 2018 மே 25 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒருவருடைய விவரத்தை அவரிடமிருந்தே பெறாமல் வேறிடத்திலிருந்து எடுத்தவர், அதை எங்கிருந்து எடுத்தோம், எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை, அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள், அவருக்கு அறிவிக்கவேண்டும். 2019 மார்ச்சில் போலந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி, அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளின் விவரங்களை எடுத்துத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்ட ஒரு கம்பனிக்கு, ஏறக்குறைய 2 இலட்சத்து 20 ஆயிரம் யூரோ அபராதம் விதித்தார். அந்தக் கம்பனி மின்னஞ்சல் கிடைத்தவர்களுக்கு மட்டும் அறிவித்துவிட்டு, மற்றவர்களுக்குத் தபாலில் எழுதினால் செலவாகும் என்று விட்டுவிட்டது. அறிவிக்கப்பட்ட சுமார் 90 ஆயிரம் பேரில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர், எங்கள் விவரத்தை நீங்கள் வைத்திருப்பதில் எங்களுக்குச் சம்மதமில்லை என்று உடனே பதில் எழுதினார்கள். வழக்கு பிறகு நீதிமன்றத்துக்கும் போயிற்று. அந்த விவரம் நமக்கு அவசியமில்லை. சொன்னால் மறுப்பார்கள் என்பதனாலேயே சொல்லாமல் இருப்பது இலாபமாகிறது என்பதற்கு, இதைவிடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரத்தைக் குறிப்பிட்ட நோக்கத்துக்கே பயன்படுத்தவேண்டும், அது பிழையில்லாமல் இருக்கவேண்டும், உடையவர் கேட்டால் திருத்தவும் நீக்கவும் வேண்டும், விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதிகாரமும் தருகிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முக்கியமான பாகங்கள் 2025 மார்ச் 18 ஆம் திகதி நடைமுறைக்கு வரும் என்று முதலில் சொன்னார்கள். அந்த நாள் வருவதற்கு முன்பே அதைத் தள்ளிவைத்து, அந்த ஆண்டிலேயே ஒரு திருத்தச் சட்டமும் கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் ஆயத்தமாவதற்குக் கால அவகாசம் தேவை என்பது காரணம். நிறுவனங்கள் ஆயத்தமாவதற்குள் யந்திரங்கள் ஆயத்தமாகிவிட்டன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சட்டம் முழுவதும் விழித்தெழும் வரை காத்திராமல் செய்யக்கூடியவை சில உண்டு. கடைக்காரர் தம் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் தாளில், பெயர், எண், விலாசம் என்ற பத்திகளோடு, ‘யார் கொடுத்தது, எப்போது, எதற்கு’ என்று இன்னொரு பத்தியையும் கட்டாயமாக வைக்கட்டும்; அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரியை ஏற்றாதே என்று உத்தரவும் கொடுக்கட்டும். இந்த ஏஜென்ட்டுகள் சொன்னால் கேட்கிறவை. ஏற்றுவதற்கு முன் நின்று கேள் என்றால் நிற்கும், ஊகித்து நிரப்பிய கட்டங்களைத் தனியே காட்டு என்றால் காட்டும், ஒரே எண்ணுள்ள இருவரை இணைக்காமல் என்னிடம் கேள் என்றால் கேட்கும். எனக்கு வேலை செய்துகாட்டிய இளைஞர் அன்றைக்கே அதைச் செய்து பார்த்தார். கூடுதலாகப் பிடித்தது சில நிமிஷங்கள்தான். ஆனால், கூப்பன் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை ஏறாமல் நின்றுவிட்டன, கடைக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் முகம் வாடியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூலி குறைந்த அந்தப் பிள்ளையின் தலையில் தர்மத்தைக் கட்டிவைத்துவிட்டு, ஜாபிதா கேட்கிற முதலாளி சும்மா இருக்க முடியாது. அந்த உத்தரவுக்குக் கீழே முதலாளியின் பெயரே இருக்கவேண்டும்.

ஜாபிதாவின் அளவைப் பற்றியும் ஒரு யோசனை உண்டு. ஒரு கடையில் வருகிற தொலைபேசிக்குப் பதில் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், அவ்விருவரும் ஒரு மாதத்தில் பேசித் தீர்க்கக்கூடிய அளவுக்கே புதிய பெயர்களைச் சேர்க்கட்டும். ஏற்றுவது யந்திரத்தின் வேகத்தில் நடந்து, கேட்பது மனிதனின் வேகத்தில் நடந்தால், இடையில் அகப்பட்டவர்கள் எண்ணை அழுத்தி அழுத்தி அலுத்துப்போவார்கள். இந்தியாவில் 2007 இலேயே ‘அழைக்கவேண்டாம்’ பதிவேடு ஒன்று திறந்து, 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்புகளை மறுக்க வழி செய்தார்கள். அதனால் தொல்லை முழுவதும் ஒழிந்துவிடவில்லை என்பது தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அறிந்ததே. ஒரு பக்கம் மறுக்கும் வழியும் இருந்து, மறுபக்கம் ஏற்றுகிறவனுக்கு ஓர் அளவும் இருந்தால்தான் இரண்டும் பயன்படும்.

நமது தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கூப்பனின் அடியில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அச்சிட்டதைச் சம்மதம் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. எழுதுகிறவர் வாசிக்கும் பாஷையில், பரிசுக்கு ஒரு கட்டமும் விளம்பரத்துக்கு வேறொரு கட்டமுமாக, தனித்தனியே கேட்டு வாங்கியதைத்தான் சம்மதம் என்று கொள்ளவேண்டும். முறைப்பாடு செய்வதற்குப் பதுளையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் பிடிக்கவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது; பிரதேச செயலகத்திலேயே தமிழில் எழுதிக்கொடுக்க வழியிருக்கவேண்டும். வருகிற விளம்பரத்துக்குப் பதிலாக ‘நிறுத்து’ என்று தமிழில் எழுதினால், அந்தப் பெயர் ஜாபிதாவிலிருந்து அன்றைக்கே நீங்கவேண்டும். யந்திரத்துக்குத் தமிழ் புரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. விளம்பரத்தை அது தமிழில்தானே எழுதி அனுப்புகிறது.